குவாண்டம் பயமும் நாத்தனாரின் பன்னிரண்டு வார்த்தைகளும்

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி எதுவும் காயவில்லை. ஹீட்டர் முன்னால் இவருடைய பனியன்கள் வரிசையாக. பெருமாள்மலையே மேகத்துக்குள். நெட் வருவதும் போவதுமாக.

வீட்டிலிருந்தே பார்க்கிற ஆபீஸ் வேலை: புதுக் கையெழுத்துச் சோதனை. பேங்குக்கும் கார்டு மெஷினுக்கும் நடுவே போகிற டிஜிட்டல் கையெழுத்தை, நாளைக்குப் பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தாலும் உடைக்க முடியாத வகைக்கு மாற்றுகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் கையெழுத்து ரொம்ப நீளம். பழையது பஸ் டிக்கெட் என்றால் இது கல்யாணப் பத்திரிகை. மெஷின் திணறுகிறது. மேனேஜருக்கு மெயில் போட்டாயிற்று.

வாங்க: விறகு, பால் பவுடர், நம் விடுதியில் மூன்றாம் ரூம் கீசருக்குக் காயில், எலிப்பொறி.

சாயங்காலம் செல்வராணி போன். இவருடைய தங்கச்சி, என் நாத்தனார். வட்டக்கானல் போகிற வழியில் பேன்கேக்கும் காபியும் விற்கிறாள். நான் கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதே இல்லை. தீபாவளிக்குக்கூட அண்ணனுக்குத்தான் போன் வரும்.

"மதினி, குவாண்டம்னா என்னது?"

எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே வெட்டினாள்.

"அதெல்லாம் கெடக்கட்டும். அது வந்துச்சுன்னா நம்ம பிட்காயின் எல்லாம் போயிருமாமே? ஞாயித்துக்கெழம விடுதிக்காரங்க சங்கத்துக் கூட்டத்துக்கு ஒரு கம்பெனிக்காரரு வாராரு. கோட்டை வாலட்டாம். எந்தக் குவாண்டம் வந்தாலும் அசைக்க முடியாதாம். நம்ம பன்னெண்டு வார்த்தையக் குடுத்தா அன்னைக்கு மட்டும் சும்மாவே மாத்திக் குடுப்பாராம்."

பன்னிரண்டு வார்த்தையா! அவள் காயின் இருக்கிற போன் வாலட்டுக்கு மொத்தச் சாவியும் அந்தப் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைதான். அது யார் கையில் இருக்கிறதோ காசு அவருடையது. கத்திவிட்டேன்.

"கூறுகெட்டவளே, அத யார்கிட்டயும் சொல்லக் கூடாதுடி!"

"ஆமா, அன்னைக்கும் இப்பிடித்தான் கத்துனீங்க. காயினே வாங்காதன்னீங்க. உங்க பேச்சக் கேட்டிருந்தா இன்னைக்கு நடுத்தெருவுல நின்னிருப்பேன்." வைத்துவிட்டாள்.

இதுதான் அவளுடைய பிரம்மாஸ்திரம். கடை போட்ட புதிதில் வெளிநாட்டுப் பசங்கள் காபிக்கும் பேன்கேக்குக்கும் பிட்காயினாகத் தருகிறோம் என்றபோது நான் வேண்டாம் என்றேன். அவள் வாங்கினாள். அது ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது. நான் அன்றைக்குச் சொன்னது அன்றைக்குச் சரி. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன்! ஆனால் காயின் விலை ஏறியவளிடம் யார் பேச முடியும்?

அந்தக் காயினை வைத்துத்தான் கடை நிற்கிற இடத்தை வாங்கப் போகிறாள். தை மாசத்துக்குள் முடி, இல்லையென்றால் ரிசார்ட்காரனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று இடத்துக்காரர் சொல்லிவிட்டார். காயின் போனால் கடையும் போச்சு. இவரிடம் சொன்னேன். "அவ கேக்க மாட்டா பொற்கொடி" என்று பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார். அண்ணன் தங்கச்சி இரண்டு பேருக்கும் ஒரே தலையெழுத்து, அவசரமே கிடையாது.

செப்டம்பர் 9, செவ்வாய்

வெயில்! துணியெல்லாம் மொட்டை மாடிக்கு.

ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் செல்வராணி கடைக்குப் போனேன். வாசலிலேயே அதிர்ச்சி. கல்லாப்பெட்டிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், லேமினேட் பண்ணின அட்டை. அதில் அவளுடைய காயின் முகவரி, சதுரம் சதுரமாக ஸ்கேன் பண்ணுகிற படம். நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு முழம் மல்லிகை.

"இத கடைசியா எப்ப மாத்துன?"

"எதுக்கு மாத்தணும்? கடை போட்ட அன்னைக்குப் போட்டது. இந்த அட்டை வந்தப்பொறந்தான் கடையே எந்திரிச்சுச்சு. மாத்துனா ராசி போயிரும் மதினி."

ராசி! காயின் முகவரிக்கு ராசி! உலகத்தில் வேறு எங்கேயாவது இப்படி ஒரு பாதுகாப்புக் கோளாறு இருக்குமா? ஒவ்வொரு தரமும் புது முகவரி தருவதற்கு அந்த ஆப் தயாராகத்தான் இருக்கிறது. இவள் முதல் முகவரியைப் பிடித்துப் பூப் போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இவளைப் பார்த்து ஜீப் ஸ்டாண்டில் ஒன்று, கிட்டார் விற்கிறவரிடம் ஒன்று. எல்லாவற்றிலும் குங்குமம்.

சரி, பொறுமையாகச் சொல்வோம் என்று சொன்னேன். முகவரி என்பது பூட்டுக்கு முன்னால் தொங்குகிற திரை. காசு உள்ளே மட்டும் வந்துகொண்டிருக்கும்வரை யாருக்கும் பூட்டு தெரியாது. அதிலிருந்து ஒரு தரம் செலவு பண்ணினால் திரை விலகும், பூட்டு ஊருக்கே தெரியும். இன்றைக்கு இருக்கிற எந்தக் கம்ப்யூட்டராலும் பூட்டைப் பார்த்துச் சாவி செய்ய முடியாது. போதுமான அளவு பெரிய குவாண்டம் கம்ப்யூட்டரால் முடியும். வழி கண்டுபிடித்தாயிற்று, அவ்வளவு பெரிய மெஷின்தான் இன்னும் இல்லை. ஆகவே திரை விலகின முகவரியில் காசைக் குவித்து வைக்காதே. புது முகவரிக்கு மாற்று, அது போதும்.

கண் கொட்டாமல் கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்ப ஆபத்து இருக்கு."

"இருக்கு, ஆனா..."

"பாத்தீங்களா! நீங்களே சொல்லிட்டீங்க. அந்த ஆளு சொன்னதும் இதத்தான். ஞாயித்துக்கெழம வெள்ளனே போயிருவேன், கூட்டமாயிரும்."

உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு. பேன்கேக்குக்குக் காசு வேறு வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 11, வியாழன்

குளிர். மூன்றாம் ரூம் பெங்களூர்க்காரர்கள் வெந்நீர் வரவில்லை என்று நாலு தரம் மணி அடித்துவிட்டார்கள். காயில் இன்னும் வாங்கவில்லை.

ஜேம்ஸ் அண்ணன் வந்தார். விடுதிக்காரர் சங்கச் செயலாளர், ஜீப் வைத்திருக்கிறார். எப்போதும் அவசரத்தில் இருக்கிற மனுஷன்.

"சிஸ்டர், நீங்கதான் காப்பாத்தணும்."

சங்கத்து ஆண்டுக் கூட்டம் என்றால் காலையில் கணக்கு, மதியம் பிரியாணி, பிறகு பட்டிமன்றம். எத்தனையோ வருஷமாக இதே வரிசை. போன வருஷம் 'சுற்றுலாவுக்குக் கை கொடுப்பது பனியா, பழமா'. இந்த வருஷத் தலைப்பு: 'குவாண்டம் கணினியால் டிஜிட்டல் காசுக்கு ஆபத்து உண்டா, இல்லையா?' உண்டு அணிக்குத் தலைவர் கோட்டை வாலட் கம்பெனிக்காரரே. பிரியாணியும் அவர் உபயம். இல்லை அணித் தலைவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"இல்லைன்னு நான் எப்பிடிங்கண்ணே பேசுறது? இருக்கே!"

"பட்டிமன்றந்தான சிஸ்டர்? சும்மா இல்லைன்னு அடிச்சு விடுங்க. யாரு கேக்கப்போறா?"

யார் கேட்கப்போகிறார்களா? பன்னிரண்டு வார்த்தையைப் பையில் வைத்துக்கொண்டு மலையே கேட்கப் போகிறது! ஒத்துக்கொண்டேன். மேடை கிடைத்தால் போதும். செல்வராணி என்னைத் தனியாகக் கேட்க மாட்டாள். மைக்கில் சொன்னால் கேட்பாள். மைக்கில் சொன்னால் இந்த ஊரில் எல்லோரும் கேட்பார்கள்.

இவரிடம் சொன்னேன்: உண்டு என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன், உள்ளதைச் சொல்வேன் என்று. சிரித்தார். "பட்டிமன்றத்துல நடுவுல நிக்க நடுவருக்கு மட்டுந்தான் உரிமை. நீ தோத்துருவ."

நானா? பார்த்துக்கொள்வோம்.

செப்டம்பர் 12, வெள்ளி

தூறல். நெட் இல்லை. அது ஒரு விதத்தில் நல்லது, பேச்சு எழுதினேன்.

குறிப்பு:
- எல்லாக் கணக்கும் உடையாது. கையெழுத்துப் போடுகிற கணக்குக்குத்தான் முதல் அடி. மைனிங் என்று காயின் தோண்டுகிறார்களே, அந்தக் கணக்குக்கு அவ்வளவு சேதம் இல்லை.
- மெஷின் எப்போது வரும்? தெரியாது. தெரியும் என்கிறவன் எதையோ விற்கிறான்.
- வந்தாலும் முதல் நாளே பேன்கேக் கடையைத் தேடி வராது. (சிரிப்பு வரும் இடம். நிறுத்த வேண்டும்.)
- புதுக் கையெழுத்து வகை தயார். ஆனால் காயின் நெட்வொர்க் முழுதும் அதை ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். ஒரு ஆள் ஒரு ஆப்பில் பண்ணுகிற காரியம் அல்ல. இது முக்கியம். இதில்தான் அவனைப் பிடிக்க வேண்டும்.
- செல்வராணியைப் பார்த்துப் பேசக் கூடாது. பார்த்தால் கோபம் வரும்.

இவர் முன்னால் பேசிக் காட்டினேன். மூன்றாவது குறிப்பில் தூங்கிவிட்டார். சிரிப்பு வரும் இடத்தையே தவறவிட்டார்!

செல்வராணிக்கு ஐந்தாறு தரம் போன். எடுக்கவில்லை. கோபத்தை எல்லாம் மீறி ஒன்று தோன்றுகிறது: அந்தக் கடையை அவள் எப்படி நிமிர்த்தினாள் என்று எனக்குத் தெரியும். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, யாரிடமும் கையேந்தாமல், ஒற்றை அடுப்பில் தொடங்கினாள். அது ஒரு கோட்டை வாலட்காரன் கையில் போவதா? விட மாட்டேன்.

செப்டம்பர் 13, சனி

பெருமாள்மலைக் கடைத்தெருவில் கீசர் காயில் கிடைத்தது. எலிப்பொறி கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் கேட்டது, கேரட் மூட்டைகளோடு நின்ற இரண்டு பேர்:

"அந்தக் கம்பூட்டரு ஓடணும்னா ஒரேயடியா குளுரா இருக்கணுமாம்ல."

"அப்ப நம்மூர்ல வைக்கச் சொல்லு. நாலு பேருக்கு வேலையாச்சும் கெடைக்கும்."

"ஏலே, இது பத்தாதாம்லே. இதவிடக் குளுராம்."

"அப்ப இன்னும் மேல, மன்னவனூர்ல வைக்கச் சொல்லு."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள்.

நாளைய நடுவர் வத்தலக்குண்டிலிருந்து வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நம் இரண்டாம் ரூமில்தான் தங்கல். இரண்டு கம்பளி கேட்டார், மூன்று கொடுத்தேன். சாப்பிடும்போது, "எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் விவகாரம் ஒண்ணுமே தெரியாதும்மா. ஆனா ரெண்டு பக்கமும் கேட்டுட்டு ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லிருவேன்" என்றார். இவர் அடுப்படியில் என் காதில்: "அவரு தீர்ப்ப ஆரம்பிச்சா கடைசி பஸ் போயிரும்."

செல்வராணி இன்றும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

வெளுத்து வாங்கிவிட்டோம்! வரிசையாக எழுத வேண்டும், கை பரபரக்கிறது.

காலையில் நல்ல மழை, கரண்ட் இல்லை, டவர் இல்லை. பெங்களூர்க்காரர்கள் கிளம்பும்போது கார் ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளி, பேட்டரி கேபிள் போட்டு, நான் கூட்டத்துக்குப் போய்ச் சேரும்போது பிரியாணி வாசனை. ஹால் மூலையில் கோட்டை வாலட் மேசை. கோட்டுப் போட்ட கம்பெனிக்காரர் கையில் ஒரு டேப்லெட். 'பாதுகாக்கப்பட்டது' என்று தங்கக் கலரில் ஸ்டிக்கர் கட்டுக்கட்டாக. செல்வராணி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், மேசைப் பக்கம் இல்லை. அப்பாடா, நேரத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஜெனரேட்டர் போட்டு மைக் வந்தது. கோட்டுக்காரர் முதலில். பேச்சு அபாரம், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். "நாளைக்கே நடக்கலாம். இன்னைக்கு நைட்டே நடக்கலாம். காலைல எந்திரிச்சுப் பாத்தா உங்க வாலட் ஜீரோ!" ஹாலில் எல்லோரும் போனைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்து நான். எடுத்த எடுப்பில், "ஆபத்து உண்டு" என்றேன். எங்கள் அணியில் இரண்டாவது பேச்சாளர், பழைய போஸ்ட் மாஸ்டர், என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். எதிர் அணி கைதட்டியது. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உண்டு. ஆனா அந்த மெசினு இன்னும் பொறக்கல. பொறந்து, வளந்து, நம்ம மலை ஏறி வர்றதுக்குள்ள காயின் நெட்வொர்க்கே புதுக் கையெழுத்துக்கு மாறணும். அது உலகம் பூரா சேந்து பாக்குற சோலி. எதிரணித் தலைவர ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க கோட்டை வாலட் புதுசா ஒரு கையெழுத்துப் போடுதுல்ல? அத அந்த நெட்வொர்க் இன்னைக்கு ஏத்துக்கிருமா, ஏத்துக்காதா?"

"மேடம், அது எங்க ட்ரேட் சீக்ரெட்."

"ஏத்துக்கிருமா, ஏத்துக்காதா?"

சிரித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஹால் கொஞ்சம் அசைந்தது. அந்தச் சமயத்தில் குறிப்பை எல்லாம் மடித்துவிட்டேன். பார்க்கக் கூடாது என்று எழுதி வைத்தவளையே பார்த்தேன்.

"செல்வராணி, எந்திரி. ஒருத்தர் ஒனக்குக் காசு அனுப்பணும்னா எதக் கேப்பாரு?"

திடுக்கிட்டு எழுந்தாள். "அட்டையக் கேப்பாரு. ஸ்கேன் பண்ணுவாரு."

"இவரு வாலட்டுக்கு நீ காசு அனுப்பணும்னா?"

"இவரு அட்டையத்தான்..." நிறுத்தினாள்.

"ஒன் கல்லாப்பெட்டிச் சாவியக் கேட்டா?"

"வெளக்கமாத்தாலயே அடிப்பேன்!"

கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு, விசில். "அந்தப் பன்னெண்டு வார்த்தைதான் கல்லாச் சாவி!" என்றேன். வெற்றி! கூட்டத்தில் பையிலிருந்து வெளியே வந்த துண்டுச் சீட்டுகள் எல்லாம் மறுபடி பைக்குள் போவதைக் கண்ணால் பார்த்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு கைதட்டல் வாங்கியதில்லை.

செல்வராணி மட்டும் சிரிக்கவில்லை. மேடை ஓரத்துக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. சேலைத் தலைப்பை விலக்கிப் போனின் பின்பக்கத்தைக் காட்டினாள். தங்கக் கலர் ஸ்டிக்கர்.

"காலைல வெள்ளனே வந்து குடுத்துட்டேன் மதினி."

மேடையை விட்டு இறங்கினேன். "டேப்லெட்டுல போட்டானா? மாறிருச்சுன்னு வந்துச்சா?"

"நெட் இல்லன்னு சொன்னாரு. நெட் வந்ததும் தானா மாறிருமாம்."

நெட் இல்லை. கடவுளே, நெட் இல்லை! எங்கள் ஊர் டவரைத் திட்டாத நாள் கிடையாது, இன்றைக்குக் கோயில் கட்டலாம். டவர் இல்லாத வரைக்கும் அவனிடம் இருப்பது வெறும் வார்த்தை. டவர் கிடைக்கும் இடத்துக்கு யார் முதலில் போகிறார்களோ அவர்களுக்குக் காசு. கோட்டுக்காரர் அதற்குள் டேப்லெட்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.

இவரைத் தேடினேன். பின்வரிசையில் இருந்தார். ஓடிப் போய் இரண்டு வரியில் சொன்னேன். "நீ வெரசாப் போ. இங்க நான் பாத்துக்கிறேன்" என்றார். என் புருஷன் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை, இன்று பார்த்தேன். ஒரு சீட்டு எழுதி நேராக நடுவரிடம் கொண்டுபோனார்.

ஜேம்ஸ் அண்ணன் ஜீப். ஊரைத் தாண்டிக் கீழே இறங்கும் ரோட்டில் ஒரு வளைவில் மட்டும் அடிவாரத்து டவர் கிடைக்கும். மழை நாளில் மலைக்காரர்கள் எல்லோரும் போன் பேச அங்கேதான் போய் நிற்போம். வெளியூர்க்காரனுக்கு அது தெரியாது. பாதி வழியில் ஜேம்ஸ் அண்ணன் பிரேக் போட்டார்.

"சிஸ்டர், நானும் குடுத்துட்டேன்."

"ஓட்டுங்கண்ணே!"

வளைவு. மழை விட்டிருந்தது. கைப்பிடிச் சுவரில் குரங்குகள். இரண்டு கோடு டவர், பிறகு மூன்று. செல்வராணி போனில் புது வாலட் தொடங்கச் சொன்னேன். புதுப் பன்னிரண்டு வார்த்தை வந்தது. "பேப்பர்ல எழுது, போட்டோ எடுக்காத, எங்கிட்டக் காட்டாத." பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். முதுகுக்குப் பின்னால் அவள் எழுதுகிற சத்தம். சனியன் பிடித்த பேனா, உதறி உதறி எழுதினாள்.

பிறகு பழைய வாலட். இருப்பது மொத்தமும் புது முகவரிக்கு. கட்டணத்தைத் தாராளமாக வை என்றேன், அப்போதுதான் முந்தும். அனுப்பு பொத்தானுக்கு மேலே அவள் விரல் நின்றது.

"ராசியான அட்டை மதினி."

"அமுக்குடி!"

அமுக்கினாள். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. வத்தலக்குண்டு பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. போய்விட்டது என்று வந்தால் போதாது, நெட்வொர்க்கில் பதிந்து முதல் உறுதி வர வேண்டும். அதற்குள் ஜேம்ஸ் அண்ணனுடையதையும் அனுப்பினோம், அவசரத்தில் இரண்டு தரம் தப்பாகத் தட்டினார். செல்வராணி என் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

உறுதி வந்தது.

நான் போட்ட சத்தத்தில் குரங்குகள் ஓடிப்போயின. செல்வராணி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். ஜேம்ஸ் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வரட்டுமே.

ஹாலுக்குத் திரும்பினால் நடுவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்! உலகம் தோன்றியதிலிருந்து ஆரம்பித்துப் பண்டமாற்று, சோழி, செப்புக் காசு எல்லாம் சொல்லி, ஒருவழியாகத் தீர்ப்பு: ஆபத்து உண்டு அணிக்கே வெற்றி. எதிரணித் தலைவியே ஒப்புக்கொண்டுவிட்டதால் வேறு வழியில்லையாம். கோட்டுக்காரருக்கு மேடையில் மாலை, பொன்னாடை, சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவரோடும் தனித்தனியாக போட்டோ. மனுஷனுக்கு அந்தக் குளிரிலும் வேர்க்கிறது. இறங்கப் பார்க்கிறார், நடுவர் பொன்னாடையின் இரண்டு முனையையும் விடவில்லை. ஜெயித்தவரை அப்படியே அனுப்ப முடியுமா? முறை என்று ஒன்று இருக்கிறதே!

மைக்கைப் பிடுங்கி, காலையில் வார்த்தை கொடுத்தவர்கள் எல்லாம் உடனே வளைவுக்குப் போங்கள், ஜேம்ஸ் அண்ணன் இடமும் வழியும் காட்டுவார் என்றேன். நாலு ஜீப் கிளம்பியது. கோட்டுக்காரரின் கார் பானெட்டில் மற்ற ஜீப் டிரைவர்கள் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள், போலீஸ் வரும்வரை இறங்கவில்லை. இருட்டுவதற்குள் எல்லோருடையதும் மாறிவிட்டது. ஒருவர் காசும் போகவில்லை. ஒருவர் காசும்!

இவர் எழுதிய சீட்டு என்ன என்று கேட்டேன். "ஐயா, தீர்ப்ப இழுங்க. ஜெயிக்கிறது அந்தாளாவே இருக்கட்டும்."

செப்டம்பர் 15, திங்கள்

வெயில். கரண்ட் வந்துவிட்டது. தொண்டை கட்டியிருக்கிறது, பேச்சில் அல்ல, வளைவில் கத்தியதில்.

ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தோம். குவாண்டம் என்று எழுதும் இடத்தில் ஏட்டு பேனாவை நிறுத்தி, "இது ஆளு பேரா, ஊரு பேராங்க?" என்றார்.

நடுவர் ஐயா காலை பஸ்ஸுக்குக் கிளம்பினார். "தோத்தவங்க மொகத்துல இம்புட்டுச் சிரிப்ப நான் பாத்ததே இல்லம்மா. அடுத்த வருசம் நீங்க எந்தப் பக்கம் பேசுனாலும் நான் வாரேன்." ரூம் வாடகை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆபீஸ்: நீளக் கையெழுத்து இன்று மெஷினில் முதல் தரம் தடங்கல் இல்லாமல் ஓடியது. மேனேஜர் கட்டைவிரல் அனுப்பினார். நான் பத்து அனுப்பினேன்.

மதியம் செல்வராணி வந்தாள். கூப்பிடாமல், காரியம் எதுவும் இல்லாமல், டப்பா நிறைய பேன்கேக்கோடு. வாசலில் ஜீப் டிரைவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது: "எங்க மதினிக்கு அந்தக் கணக்கெல்லாம் தண்ணிபட்ட பாடு. நான் அன்னைக்கே சொன்னேன்ல?" எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. அட்டையை எடுத்துவிட்டாளாம், இனி வருகிறவர்களுக்குப் போனில் புதுசு புதுசாகக் காட்டுவாளாம். இடத்துக்காரரிடம் இன்று காலையிலேயே பேசிவிட்டாளாம். பத்திரம் முடிக்கும் நாளில் சாட்சிக் கையெழுத்து நான்தான் போட வேண்டுமாம். நீளமாகவே போடுகிறேன் என்றேன்.

கிளம்பும்போது அடுப்படிக்கு வந்தாள். நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கதவைச் சாத்தினாள்.

"மதினி, எனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? ஒருத்தருக்காச்சும் தெரியணும்ல. அண்ணன் ஒளறிரும். நீங்க மனசுல வச்சுக்கங்க." குனிந்து, என் காதில், புதுப் பன்னிரண்டையும் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அலறிக்கொண்டு மாவுக் கையோடு அவள் வாயைப் பொத்தினேன். "யார்கிட்டயும் சொல்லாதன்னா எங்கிட்டயுந்தாண்டி!"

என் கையை விலக்கினாள். மீசை மாதிரி மாவு.

"நீங்க என்ன யாரோவா?"

முதல் வார்த்தை காதில் விழுந்துவிட்டது. இங்கே எழுத மாட்டேன்.